கூரையைப் புகழ்பவர்கள் கவனத்திற்கு

சென்ற மே மாதம் எங்கள் டீமை ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் வழக்கமான கூத்துதான். காலையில் பவர்பாயிண்ட், மாலையில் கடல், இரவில் பார்பிக்யூ. இந்த முறை தங்கிய இடம் மட்டும் புதுசு. வரிசையாக ஓலைக் குடில்கள். வாசலில் ஒரு மண்பானை, ஒரு மாட்டுவண்டிச் சக்கரம், அரிக்கேன் விளக்குக்குள் எல்இடி பல்பு. என்னோடு வேலை பார்க்கும் பையன், சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன், உள்ளே நுழைந்ததும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சொன்னான்: "ப்ரோ, நம்ம தாத்தா பாட்டிங்க எவ்வளவு அறிவாளிங்க பாருங்க. இயற்கையான ஏசி. நாமதான் காங்கிரீட்டைக் கட்டி எல்லாத்தையும் கெடுத்துட்டோம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே ஜிப்சம் போர்டு சீலிங். சுவரில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். காங்கிரீட் தளத்தின் மேல் ஓலையைத் தொப்பி மாதிரி கவிழ்த்து வைத்திருந்தார்கள். மழைக்கும் வெயிலுக்கும் தடுப்பு காங்கிரீட். ஓலைக்கு போட்டோவில் வருவது மட்டும்தான் வேலை.

அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பையன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமில்லை. திண்ணையும் ஓலையும் காட்டி பின்னணியில் புல்லாங்குழல் ஓடவிட்டு ரீல்ஸ் போடுகிறவர்களுக்கும், குடிசையில்தான் நிம்மதி இருந்தது என்று கவிதை எழுதுகிறவர்களுக்கும், ஊரில் ஒரு ஏக்கர் வாங்கி வார இறுதிக்கு ஓலை வீடு கட்டுகிற என் துறைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் கீற்று வீட்டில் பிறந்தவன். கீழத்தஞ்சையில், திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். பதினேழு வயதுவரை ஓலைக்குக் கீழேதான் படுத்தேன். 2007-ல் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனபோதுதான் முதன்முதலில் காங்கிரீட்டுக்குக் கீழே தூங்கினேன். அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை எழுந்து கதவைத் திறந்தால் வாசலெல்லாம் தண்ணீர். ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒரு மனிதன் தூங்க முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

2

முதலில் ஓலைக்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் நான் காங்கிரீட் கம்பெனி ஏஜென்ட் என்று சொல்லிவிடுவீர்கள்.

ஓலைக் கூரை குளுமையானது என்பது உண்மை. அதில் மாயம் ஒன்றும் இல்லை, சாதாரண இயற்பியல். கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே, வைக்கோல் தாளுக்குள்ளே, அசையாத காற்று சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. கம்பி போட்ட காங்கிரீட்டோடு ஒப்பிட்டால் வைக்கோல் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும். தகர ஷீட்டை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். உச்சிவெயிலில் அதற்கும் தோசைக்கல்லுக்கும் வித்தியாசமில்லை.

இன்னொன்றும் உண்டு. காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகு மெதுவாக உள்ளே இறக்கும். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், உள்ளே மேலிருந்து அனல் இறங்கிக்கொண்டிருக்கும். ஓலைக்கு அப்படிச் சேமித்து வைக்கிற கனம் கிடையாது. சூரியன் போனால் கூரையின் சூடும் போய்விடும். சரிவான கூரை என்பதால் உள்ளே எழும் வெப்பக்காற்று மோட்டுக்குப் போய்க் கீற்றின் இடுக்கு வழியே வெளியேறும். தாழ்ந்து இறங்கும் இறவாணம் சுவரில் வெயில் படாமல் காக்கும். மக்கிப்போனால் எருக்குழிக்குப் போகும். சிமென்ட், கம்பி, மணல் எதற்காகவும் மலையையோ ஆற்றையோ தோண்ட வேண்டியதில்லை. இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

என் கேள்வி வேறு. அந்தக் குளுமைக்கு யார் பணம் கட்டினார்கள்? பில் யார் பெயரில் வந்தது?

3

என் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு சாஃப்ட்வேரை எழுதி முடிப்பது செலவில் சின்னப் பங்கு. அதை வருஷக்கணக்கில் விழாமல் நிறுத்தி வைப்பதுதான் பெரிய செலவு. "ஓலை வீடு மலிவு" என்று சொல்கிறவர்கள் முதல் செலவை மட்டும் பார்க்கிறார்கள்.

எங்கள் பக்கம் தென்னங்கீற்றுக்கு ஆயுசு ஒன்றரை வருஷம், தப்பினால் இரண்டு. பனையோலை அதைவிடக் கூடுதலாக நிற்கும், ஆனால் எங்கள் ஊரில் பனை குறைவு. அப்படியானால் முப்பது வருஷத்தில் பதினைந்து முறை கூரை மேய வேண்டும். ஒவ்வொரு முறையும் மட்டை வேண்டும். அதை நடுவே பிளந்து குட்டையில் ஊறப்போட வேண்டும். ஊறியதை எடுத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முடைய வேண்டும். அது பெண்கள் வேலை. ஊறின மட்டையின் நாற்றம் அம்மாவின் கையில் நாலு நாள் இருக்கும், அந்தக் கையால்தான் சோறு பிசைந்து கொடுப்பாள். பிறகு பழைய கீற்றைப் பிரிக்க வேண்டும். கரும்புழுதி, எலி எச்சம், பூரான், தேள் எல்லாம் தலையில் கொட்டும். இற்றுப்போன வரிச்சை மாற்ற வேண்டும். அடுக்கு அடுக்காகக் கயிற்றால் கட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். சரிவு குறைந்தால் தண்ணீர் வழியாமல் நிற்கும், நின்றால் ஒழுகும். ஆகவே செங்குத்தாகத்தான் இருக்கும், அதன் மேலேதான் அப்பா உட்கார்ந்திருப்பார்.

இந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. அப்பா வயல் வேலைக்குப் போனால்தான் காசு. கூரை மேய்கிற நாலைந்து நாள் போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. ஐப்பசிக்குள் முடிக்காவிட்டால் அடைமழை உள்ளே இறங்கும். கையில் காசில்லாத வருஷம் பழைய கீற்றின் மேலேயே அங்கங்கே சொருகி ஒப்பேற்றுவோம். அந்த வருஷம் ராத்திரி தூக்கம் இல்லை. எந்த மூலையில் சொட்டும் என்று எங்களுக்கு மனப்பாடம். சட்டி, தூக்குவாளி, குடம், ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. என் புத்தகங்கள் யூரியா சாக்குக்குள் இருக்கும். ரேஷன் கார்டும் அப்பாவின் சங்க அட்டையும் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி விட்டத்தில் தொங்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்த நோட்டில் பாதிப் பக்கங்கள் கூரைச் சாறு பட்டு டீ நிறத்தில் இருந்தன.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுப்புப் புகை ஏறிய கூரை நாள்பட நிற்கும், பூச்சி அரிக்காது என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் புகை கூரைக்குப் போகும் வழியில் அம்மாவின் நெஞ்சுக்குள் போய்விட்டுத்தான் போனது. இன்றைக்கும் மார்கழி வந்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். "கூரையின் இயற்கைப் பாதுகாப்பு" என்று நீங்கள் எழுதுகிற வரிக்குள் அந்த இருமலும் இருக்கிறது.

4

"சரி ப்ரோ, அப்ப ஏன் ஜனங்க ஓலையை விட்டாங்க? சிமென்ட் மோகம்தானே?" என்று கேட்பீர்கள். மோகம் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்காது. ஏழை எதையாவது விரும்பினால் மட்டும் அதற்கு மோகம் என்று பெயர்.

தாத்தா காலத்தில் எங்கள் வீடு வைக்கோல் கூரை. அப்போதைய நெல் ஆளுயரம் வளரும், தாள் நீளமாக இருக்கும். 1960-களின் பிற்பகுதியில் குட்டை ரக நெல் வந்தது. கதிர் கனத்தது, தாள் குறுகியது. ஊர் வயிறு நிறைந்தது. அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கூரைக்கு வேண்டிய நீளத் தாள் போய்விட்டது. பிறகு அறுவடை மிஷின் வந்தது. அது கக்கும் வைக்கோல் நசுங்கி நைந்து வரும், மாட்டுக்கு ஆகும், கூரைக்கு ஆகாது. ஆகவே கீற்றுக்கு மாறினோம். கீற்று காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். குட்டைகள் தூர்ந்தன. மூங்கில் விலை ஏறியது. அறிந்து மேய்கிறவர்கள் திருப்பூருக்குப் போனார்கள்.

ஓலைக் கூரை என்பது தனி வீட்டின் மேலே இருக்கிற பொருள் மாதிரி தெரியும். உண்மையில் அது ஒரு ஊர் ஏற்பாடு. சுற்றிலும் வயல், தோப்பு, குட்டை, நாலு பேர் கை, எல்லாம் இலவசமாகவோ மலிவாகவோ கிடைத்தால்தான் அது நிற்கும். அந்த ஏற்பாடு கலைந்த பிறகும் ஓலைக்குக் கீழேயே இருந்தவர்கள் பாரம்பரியத்தைக் காப்பாற்றவில்லை. வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

5

இப்போது நெருப்பு.

தீபாவளி எங்கள் தெருவில் பயத்தின் பெயர். அன்று சாயந்திரம் அப்பா குடத்தில் தண்ணீர் மொண்டு கூரை மேல் இறைத்துக்கொண்டிருப்பார். பெரிய தெருவில் விடுகிற ராக்கெட் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்குப் பட்டாசு வாங்க முடியாததுகூட ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. தினமும் படுக்கப் போகும்முன் அம்மா அடுப்பில் தண்ணீர் தெளித்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்ப்பாள். இன்றைக்கும் கேஸ் அடுப்பை அணைத்த பிறகு அதன் மேல் கை வைத்துப் பார்க்கிறாள்.

எங்கள் ஊரிலிருந்து வெகுதூரம் இல்லை கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரிக்கு ஆள் திரட்டிக்கொண்டு வந்தார்கள். தப்பிக்க ஒரு சின்னக் குடிசைக்குள் புகுந்தவர்கள் 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். குடிசையோடு கொளுத்தினார்கள். குற்றம்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இதை நான் சொல்லித் தெரிய வேண்டியவர்கள் இல்லை நீங்கள், இலக்கியம் படிக்கிறவர்கள். ஆனால் இதை ஒரு கூரைக் கதையாக யோசித்திருக்கிறீர்களா? கொல்ல வந்தவர்களுக்கு ஓலை எவ்வளவு வசதியாக இருந்தது என்று? அந்த வீட்டுக்கு ஓட்டுக் கூரையோ தளமோ இருந்திருந்தால் கொலைகாரர்கள் நல்லவர்களாகியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு தெருவே எரியும் பொருளால் ஆனது என்பது அந்தத் தெருக்காரர்களை எப்போதும் அடுத்தவன் தயவில் வைத்திருந்தது. எங்கள் தாத்தா அதன்பிறகு பல வருஷம் வாசலுக்கு நேராகக் கட்டில் போட்டுத்தான் படுத்தார் என்று அப்பா சொல்வார்.

2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிக்கூடச் சமையலறையில் பற்றிய தீ வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் போனது. எரிந்த கூரை பிள்ளைகள் மேலேயே விழுந்தது. 94 குழந்தைகள். கூரை மட்டும் காரணமில்லை. குறுகிய படிக்கட்டு, ஒரே கட்டடத்தில் அடைத்துவைத்த பிள்ளைகள், கண்டுகொள்ளாத அதிகாரிகள், எல்லாம் சேர்ந்துதான். அப்போது எனக்குப் பதினைந்து வயது. நான் படித்த பள்ளியிலும் இரண்டு வகுப்புகள் கீற்றுக் கொட்டகையில் நடந்தன. சில வாரங்களில் பிரித்துவிட்டுத் தகர ஷீட் போட்டார்கள். மதியம் கணக்கு வகுப்பில் பையன்கள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள். நெருப்பிலிருந்து காப்பாற்றிவிட்டோம், வெயிலைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று நினைத்தார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

6

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிலம்.

தாத்தா பண்ணையாள். அவர் குடிசை நின்ற மண் அவருடையது இல்லை, மிராசுதாருடையது. கால் ரூபாய் சேர்ந்தால்கூட அவர் ஏன் ஒரு செங்கல் வாங்கவில்லை என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அப்பா சொன்னது: "நெலக்காரன் காலி பண்ணுடான்னா, கூரயப் பிரிச்சுத் தலையில வச்சிக்கிட்டுப் போயிடலாம். செவுத்தத் தூக்கிக்கிட்டுப் போவ முடியுமா?"

கட்டடக்கலை பற்றி நான் கேட்டதிலேயே நேர்மையான விளக்கம் இதுதான். இடம் நிரந்தரம் இல்லாதவன் நிரந்தரமாகக் கட்ட மாட்டான். 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்துதான் விவசாயத் தொழிலாளிக்குத் தன் குடிசை நின்ற மனை சொந்தமாகும் வழி பிறந்தது. அதற்கு முந்தைய ஓலைக் கூரையை "எளிமையான வாழ்க்கை முறை" என்று அழைப்பது, வெளியே போ என்று எந்த நிமிஷமும் சொல்லப்படலாம் என்ற நிலைமைக்கு அழகான பெயர் வைப்பது. காசிருந்தாலும் கட்டவிடாத ஊர்களும் இருந்தன. திருவிதாங்கூரில் நாடார்கள் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக்கூடாது என்று தடை இருந்தது வரலாறு. யாருக்கு எவ்வளவு உயரம், யாருக்கு எந்தக் கூரை என்பதைப் பல இடங்களில் தட்பவெப்பம் தீர்மானிக்கவில்லை, சாதி தீர்மானித்தது.

ஆகவே "நம்ம தாத்தா பாட்டி" என்று சொல்லும்போது யாருடைய தாத்தா பாட்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் அதே வெயிலில், அதே காலத்தில், நாட்டு ஓடும் சுண்ணாம்புத் தளமும் முற்றமும் வைத்துத்தான் கட்டினார்கள். வசதி இருந்த யாரும் ஓலையைத் தேர்ந்தெடுக்கவில்லை.

7

கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்றொரு பழமொழி உண்டு. கூரையைத் திரும்ப மேய வேண்டிய கவலை இல்லாதவன் உண்டாக்கியதாகத்தான் இருக்கும். எங்கள் கூரையைப் பிய்த்தது கஜா.

2018 நவம்பர் 15 இரவு நான் பெங்களூரில் ஒரு ரிலீஸ் வேலையில் இருந்தேன். அம்மாவிடம் கடைசியாகப் பேசியது ராத்திரி பத்து மணிக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். புயல் நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பிறகு போன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் நான் ஊர் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் தென்னை படுத்துக் கிடந்தது. எங்கள் வீட்டில் நாலு மண்சுவர், அதில் ஒன்று பாதி. கூரை எங்கே போனது என்றே தெரியவில்லை. யூரியா சாக்கு மட்டும் வேலியில் மாட்டிக்கொண்டிருந்தது.

நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். அப்போது நான் சம்பாதிக்க ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. கல்விக் கடன், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, அவர் போன பிறகு தங்கையின் கல்யாணம். அடுத்த வருஷம் கட்டலாம், அடுத்த வருஷம் கட்டலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஏசி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு அம்மாவை ஓலைக்குக் கீழே வைத்திருந்தவன் நான். இந்தக் கட்டுரையின் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயே இருக்கிறது.

வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டினேன். தட்டையான காங்கிரீட் தளம், நாலு சுவர், இரண்டு அறை. வெராண்டா வைக்கலாமா என்று கொத்தனார் கேட்டார். பட்ஜெட் இடிக்குது, வேண்டாம் என்றேன். ஒழுகாத வீடு என்பதைத் தவிர என் மண்டையில் வேறொன்றும் இல்லை. இன்ஜினியரிங் படித்தவன், மேற்கு வெயில் விழும் சுவரில் அம்மாவின் படுக்கையறையை வைத்தேன்.

முதல் கோடையிலேயே தெரிந்துவிட்டது. சாயந்திரம் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றினால் ஆவி பறக்கும். ராத்திரி பதினோரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும். மின்விசிறி அந்த அனலையே சுற்றிச் சுற்றி அடிக்கும். அம்மா வாசலில் பாயைப் போட்டுப் படுக்க ஆரம்பித்தாள். முன்பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுத் தரச் சொன்னாள். நான் மறுத்தேன். போனில் சண்டை. "லட்சக்கணக்குல செலவு பண்ணி மாடி வீடு கட்டிக் குடுத்தா, திரும்பவும் கீத்தா? ஊர்ல என்னம்மா நெனப்பாங்க?" என்றுகூடக் கேட்டேன். கூரையைப் பற்றி எனக்கிருந்த அவமானம் எவ்வளவு ஆழம் என்று அந்தக் கேள்வி வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நூறு நாள் வேலைக் காசில் அவளே போட்டுக்கொண்டாள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது கொட்டகை நின்றது. பழுப்பு நிறம் இன்னும் வராத புதுக் கீற்று. அம்மா அதற்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் நிமிராமலே சொன்னாள்: "இது வூடு இல்லடா, கொட்டாய். அதான் வூடு. மழ வந்தா அங்க போயிடுவன். முன்னல்லாம் போறதுக்கு எடம் இல்லல்ல?"

நான் இவ்வளவு பக்கம் எழுதுவதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். ஓலை அவளுக்குப் பிடித்திருக்கிறது. இப்போதுதான் பிடித்திருக்கிறது, அதை நம்பி அவள் உயிரும் பொருளும் இல்லை என்பதால்.

8

ஆகவே என் சண்டை ஓலையோடு இல்லை. ஓலையை ரசிப்பவர்களின் மறதியோடு ஒரு சண்டை, ஓலையை ஒழிப்பவர்களின் அவசரத்தோடு இன்னொரு சண்டை.

ரசிப்பவர்களுக்கு முதலில். ஓலைக் கூரையை மரியாதையோடு வைத்திருக்கும் ஊர்கள் உலகில் இருக்கின்றன. ஜப்பானில் ஷிரகாவா-கோ, 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கிராமம். அங்கே ஒரு வீட்டுக்குக் கூரை போட ஊரே திரண்டு வரும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஊரெங்கும் பதித்த தண்ணீர் பீரங்கிகளை ஒரே நேரத்தில் திறந்து தீயணைப்புச் சோதனை நடக்கும். லண்டனில் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கம் 1613-ல் ஓலைக் கூரையில் தீப்பிடித்து எரிந்தது. 1997-ல் அதே மாதிரி ஓலையோடு திரும்பக் கட்டியபோது கூரையில் தண்ணீர் தெளிப்பான்கள் பொருத்தித்தான் திறந்தார்கள். ஓலை வேண்டுமென்றால் கூடவே தண்ணீர் வேண்டும், ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும், ராத்திரி யாராவது விழித்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரு கூலிக் குடும்பம் தனியாகத் தரும்போது அதற்கு வறுமை என்று பெயர். அரசோ சமூகமோ பகிர்ந்துகொள்ளும்போதுதான் பாரம்பரியம் என்று சொல்லலாம். உங்கள் வார இறுதி வீட்டுக்கு ஓலை போடுங்கள், தாராளமாக. மேய்கிறவருக்கு நல்ல கூலி கொடுங்கள். ஆனால் "இப்படித்தான் வாழ்ந்தோம்" என்று போர்டு வைக்காதீர்கள். அப்படி வாழ்ந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம், படிக்கத் தெரியும்.

ஒழிப்பவர்களுக்கு. குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். 2010-ல் 21 லட்சம் குடிசைகளை காங்கிரீட் வீடாக்குவோம் என்று திட்டம் போட்டார்கள். 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என்ற பெயரில், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி என்று அறிவித்தார்கள். ஓலை வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸும் வேண்டாம் என்று விதி வைத்தது சரி. ஆனால் குடிசை ஒழிந்ததா என்று மட்டும் எண்ணுகிற கணக்கு, அந்த வீட்டுக்குள் மே மாதம் ஒரு கிழவி தூங்க முடிகிறதா என்று எண்ணுவதில்லை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தார் ஷீட் போட்டுத் தற்காலிகக் குடியிருப்புகள் கட்டினார்கள். பகலில் உள்ளே இருக்க முடியாமல் ஜனங்கள் மர நிழல் தேடிப் போனார்கள். அந்தப் பாடத்தை நாம் படிக்கவில்லை.

இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. மேற்கிலும் தெற்கிலும் சுவருக்கு நிழல் கொடுக்கும் வெராண்டா. எதிரெதிர் ஜன்னல். தளத்தின் மேல் தட்டோடு, அதற்கும் வழியில்லையென்றால் வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளைச் சுண்ணாம்பு. முன்னால் ஒரு வேப்பமரத்துக்கு இடம். ஓலை செய்த வேலைகளை ஓலை இல்லாமல் செய்கிற வழிகள் இவை. நான் இன்ஜினியர், எனக்கே வீடு கட்டும்போது தோன்றவில்லை. மூன்றரை லட்சத்தில் அவசர அவசரமாகக் கட்டிக்கொள்ளும் ஒரு கூலிக்காரரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. திட்டத்தின் வரைபடத்திலேயே இருக்க வேண்டும், அதற்கான பணத்தோடு.

போன மாதம் என் வீட்டுக்கு மேற்குப் பக்கம் வெராண்டா இறக்கினேன். மங்களூர் ஓடு, கீழே மரச் சட்டம். தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. இப்போது பரவாயில்லை என்கிறாள் அம்மா. ஆனால் கொட்டகையைப் பிரிக்க விடவில்லை. ஆடிக் காற்றில் ஒரு பக்கம் கீற்று எழும்பிவிட்டதாம், ஆள் வேண்டும் என்றாள். ஊரில் மேய்கிறவர் ஒருத்தர்தான் மிச்சம், அவருக்கும் முழங்கால் வலி. அடுத்த வாரம் லீவு போட்டிருக்கிறேன். அப்பா உட்கார்ந்த மாதிரி மேலே உட்கார எனக்குத் தைரியம் வருமா என்று பார்க்க வேண்டும்.